ஊராட்சித் தலைவர் தேர்தல்: நால்வரின் தண்ணீர் வாக்குறுதிகளில் எது எந்த ஊருக்குப் பொருந்தும்?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாள்களில் நடந்த தேர்தலில் வென்றவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களின் பொறுப்புக்குப் போனது. அடுத்த தேர்தலுக்கு அறிவிப்பு வருவதற்கு முன்பே, பென்னாகரம் சாலையை ஒட்டிய எங்கள் ஊராட்சியில் தலைவர் பதவிக்கு நிற்கப்போவதாகச் சொல்லும் மூவரின் துண்டறிக்கைகள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டன. நான்காமவர், முன்பு வார்டு உறுப்பினராக இருந்த ஒரு பெண்மணி, அறிக்கை எதுவும் அச்சிடவில்லை. குழாயடியில் குடத்தோடு நின்றுகொண்டே தம் கருத்தைச் சொல்லி வருகிறார்.

நால்வரும் முதலில் பேசுவது தண்ணீரைப் பற்றித்தான். முதலாமவர் தெருவுக்கு ஒரு போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டு, குழாய்க் கட்டணத்தை ரத்து செய்வதாகச் சொல்கிறார். இரண்டாமவர் நீரைச் சவ்வு வழியே அழுத்திச் சுத்திகரிக்கும் ஆர்ஓ நிலையம் அமைத்துக் கேன் தண்ணீரை மலிவாகத் தரப்போகிறார். மூன்றாமவர் ஏரியைத் தூர்வாரி நிலத்தடி நீரை உயர்த்துவேன் என்கிறார். நான்காமவர், கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வருகிற ஒகேனக்கல் காவிரித் தண்ணீரை ஒழுங்காகப் பங்கிட்டாலே போதும், அதற்குக் கட்டணத்தையும் ஒழுங்காக வாங்க வேண்டும் என்கிறார். ஊராட்சித் தலைவர் தேர்தல் கட்சிச் சின்னத்தில் நடப்பதில்லை என்பதால் கட்சியைப் பார்த்து முடிவெடுக்கும் பழக்கம் இங்கே முழுதாகக் கைகொடுக்காது. உறவுமுறையைப் பார்ப்பவர்கள் பார்க்கட்டும். இரண்டு மூன்று பேரை நன்கு தெரிந்திருந்தும் யாருக்குப் போடுவது என்று குழம்புகிறவர்களுக்காகவே இந்த ஒப்பீடு.

எதை வைத்து எடை போடுவது?

முதல் அளவுகோல், சொல்லப்படும் வேலை ஊராட்சியின் கையில் உள்ளதா என்பது. குடிநீர், தெருவிளக்கு, கழிவுநீர்க் கால்வாய், துப்புரவு, ஊருக்குள் இருக்கும் சாலை, சுடுகாடு ஆகியவை ஊராட்சியின் கடமைகள். பெரிய ஏரியும் மாநிலச் சாலையும் அதன் கையில் இல்லை. தலைவர் தனியாகப் பணம் எடுக்கவும் முடியாது. துணைத் தலைவரும் சேர்ந்து ஒப்பமிட வேண்டும்; அந்தத் துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள்தாம் தமக்குள்ளிருந்து தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகவே தலைவருக்கான வாக்கை மட்டும் யோசித்துப் போட்டுவிட்டு, வார்டு உறுப்பினருக்கான வாக்கை முகத்தாட்சண்யத்துக்குப் போடுவது பாதி வேலையே.

இரண்டாவது, மூன்றாம் ஆண்டில் செலவை யார் தாங்குவது என்பது. திறப்புவிழாச் செலவுக்கு ஏதாவதொரு நிதி கிடைத்துவிடுகிறது. 15-ஆவது நிதிக்குழு தன் மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே ஒதுக்கி வைத்தது. சட்டமன்ற உறுப்பினர் நிதி, நாடாளுமன்ற உறுப்பினர் நிதி என்று வேறு வாசல்களும் உண்டு. மின்கட்டணம், தொட்டி இயக்குபவரின் சம்பளம், மோட்டார் காயில் கட்டும் செலவு ஆகியவற்றுக்கு அப்படி யாரும் வந்து ரிப்பன் வெட்டுவதில்லை.

மூன்றாவது, நம் மாவட்டத்துக்கே உரிய அளவுகோல்: பாறையிலிருந்து நிலத்தடி நீரில் கரையும் ஃபுளூரைடு. குடிநீரில் அது லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 1.5 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேற்பட்ட நீரைக் குழந்தைப் பருவத்திலிருந்து குடித்தவர்களின் பற்களில் பழுப்புக் கறை படிகிறது. பல ஆண்டுகள் குடித்தால் முழங்காலும் முதுகும் விறைத்துப்போகின்றன. கொதிக்க வைப்பதால் ஃபுளூரைடு போகாது. நீர் ஆவியாகக் குறைவதால் மிஞ்சுவதில் அதன் அளவு சற்றுக் கூடவே செய்யும். எனவே ‘தண்ணீர் தருவேன்’ என்பவரிடம் ‘குடிக்கவா, புழங்கவா?’ என்று கேட்க வேண்டும்.

நான்காவது, கடைசி வீட்டுக்குப் போய்ச் சேருமா என்பது. எங்கள் ஊரில் கடைசி வீடு என்பது மேட்டில் தனித்தனியாகச் சிதறி இருக்கும் கொட்டாய் வீடுகளும், ஊருக்கு வெளியே இருக்கும் காலனியும்.

1. புதிய போர், கட்டண ரத்து

கண்ணுக்கு உடனே தெரியும் பலன் இதற்குத்தான் உண்டு. வண்டி வந்து நிற்கிறது, இரவெல்லாம் புகை பறக்கிறது, விடிந்தால் ஒரு சின்டெக்ஸ் தொட்டியும் நான்கு குழாய்களும். ஊராட்சியின் அதிகாரத்துக்குள் அடங்கும் வேலை என்பதால் முதல் அளவுகோலில் இந்த வாக்குறுதி தேறிவிடுகிறது.

இரண்டாவதில் சறுக்குகிறது. 5 குதிரைத்திறன் மோட்டார் ஒன்று ஏறத்தாழ 3.7 கிலோவாட், நாளொன்றுக்கு 6 மணி நேரம் ஓடினால் 22 யூனிட், மாதத்துக்கு 670 யூனிட் ஆகிறது. இழப்புகளைச் சேர்த்தால் இன்னும் கூடும். தெருவுக்கு ஒன்று வீதம் பத்து மோட்டார்கள் என்றால் மாதம் 6,700 யூனிட். குழாய்க் கட்டணத்தையும் ரத்து செய்துவிட்ட ஊராட்சி இதை எங்கிருந்து கட்டும் என்பதற்கு அந்தத் துண்டறிக்கையில் விடை இல்லை. நேரில் கேட்டபோது “அதெல்லாம் கவர்மெண்டு பாத்துக்கும்” என்றார். அரசு பார்த்துக்கொள்வது என்றால், ஊராட்சிக்கு வரவேண்டிய மானியத்தின் பெரும்பகுதி மின்கட்டணத்துக்கே போய், கால்வாய்க்கும் விளக்குக்கும் மிஞ்சாமல் போவது என்று பொருள்.

மூன்றாவதில் நிலைமை இன்னும் மோசம். இங்கே கீழே இருப்பது கருங்கல் பாறை. ஆழத்துக்குப் போகப் போக, பாறை இடுக்கில் நெடுங்காலம் தேங்கிக் கனிமங்களைக் கரைத்துக்கொண்ட நீரே கிடைக்கிறது. ஐந்நூறு அடி வற்றியது என்று ஆயிரம் அடிக்குப் போகிறவர் தண்ணீரோடு ஃபுளூரைடையும் மேலே கொண்டுவரும் வாய்ப்பு அதிகம். பக்கத்துக் காட்டில் விவசாயத்துக்கு ஓடும் போர் இரண்டே கோடையில் வற்றுவதும் இதன் மறைமுகச் செலவுதான். அது ஊராட்சிக் கணக்கில் வராது, அந்த விவசாயியின் கடன் கணக்கில் வரும்.

ஆனாலும் இதை முற்றாகத் தள்ள முடியாது. கூட்டுக் குடிநீர்க் குழாய் இன்னும் எட்டாத மலையடிவாரக் குக்கிராமத்துக்கும், துவைக்க, குளிக்க, மாட்டுக்குக் காட்ட என்று புழங்குநீரே பற்றாத தெருவுக்கும் ஒரு போர் வேண்டியதுதான். நீரை ஆய்வகத்தில் சோதித்து, ‘குடிக்க உகந்ததன்று’ என்று குழாயடியில் எழுதி வைக்கத் துணிவுள்ளவர் அதைப் போட வேண்டும்.

2. ஆர்ஓ நிலையம்

ஆர்ஓ முறை ஃபுளூரைடை நீக்கும் என்பது உண்மை; மூன்றாவது அளவுகோலில் இதற்கு நல்ல மதிப்பெண். சிக்கல் நடத்துவதில் இருக்கிறது. பக்கத்து ஊராட்சி ஒன்றில் சில ஆண்டுகளுக்கு முன் திறந்த நிலையத்தைப் போய்ப் பார்த்தேன். ஐந்து ரூபாய் நாணயம் போடும் துளையில் யாரோ தகரத் துண்டைச் செருகியிருந்தார்கள். ஷட்டர் பாதி இறங்கி நின்றது. படியில் இரண்டு ஆடுகள் படுத்திருந்தன. மெம்பிரேன் எனும் வடிகட்டும் சவ்வை மாற்றப் பணம் இல்லை என்பதுதான் காரணம் என்று எதிரே கடை வைத்திருப்பவர் சொன்னார்.

கணக்கைப் போட்டால் இது ஏன் என்று விளங்கும். 20 லிட்டர் கேனுக்கு 5 ரூபாய் என்று வைத்து, நாளுக்கு 600 குடும்பங்கள் வாங்கினால் 3,000 ரூபாய் வரும். நிலையம் தன் காலில் நிற்கும். 100 குடும்பங்களே வாங்கினால் 500 ரூபாய், மாதம் 15,000. அதற்குள் ஒருவருக்குச் சம்பளம், மின்சாரம், வடிகட்டி, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மெம்பிரேன் எல்லாம் அடங்க வேண்டும், அடங்காது. எனவே இந்த வேட்பாளரிடம் கேட்க வேண்டியது நிலையம் எத்தனை லட்சத்தில் வரும் என்பதையன்று. நாணயப் பெட்டியின் சாவி யாரிடம், பணம் ஊராட்சிக் கணக்கில் சேருமா ஒப்பந்ததாரருக்குப் போகுமா என்பதைத்தான்.

உள்ளே போகும் நீரில் பாதியோ அதற்கு மேலோ கழிவாக வெளியேறுகிறது என்பது மற்றொரு மறைமுகச் செலவு. நாளுக்கு 12,000 லிட்டர் குடிநீர் தர வேண்டுமானால் 24,000 லிட்டருக்கு மேல் போரிலிருந்து இறைக்க வேண்டும். அந்தக் கழிவில் உப்பும் ஃபுளூரைடும் முன்னைவிட அடர்ந்திருக்கும். அதைப் பக்கத்துப் பள்ளத்தில் விட்டால் ஊருக்குள்ளேயே மறுபடி இறங்குகிறது. இன்னொன்றும் உண்டு: 20 லிட்டர் என்றால் 20 கிலோ. இருசக்கர வண்டி இல்லாத வீட்டு மூதாட்டி அதை மேட்டுக்கு எப்படிக் கொண்டுபோவார் என்று துண்டறிக்கை யோசிக்கவில்லை.

கூட்டுக் குடிநீர் வராத, ஃபுளூரைடு மிகுந்த, வீடுகள் நெருங்கி அமைந்த பெரிய ஊருக்கு இது நல்ல இடைக்கால ஏற்பாடு. சிதறிய கொட்டாய்களுக்கு உதவாது.

3. ஏரி தூர்வாரல், மழைநீர்

கேட்க இனிமையான வாக்குறுதி இது. ஆனால் முதல் அளவுகோலிலேயே இடறுகிறது. பெரிய ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ள ஏரி நீர்வளத் துறையிடமும், சிறு பாசன ஏரி ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். குட்டையும் ஊருணியும் மட்டுமே ஊராட்சியின் நேரடிப் பொறுப்பு. வண்டல் அள்ள 2024-இல் அரசு விதியைத் தளர்த்தி வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று ஆக்கியதால் விவசாயிகளுக்கு அலைச்சல் குறைந்திருக்கிறது. ஆனால் அது மண் எடுப்பதற்கான வழி. ஏரிக்கு நீர் வருவதற்கான வழியன்று.

எங்கள் ஏரி நிரம்பாததற்குக் காரணம் வண்டல் அன்று, வரத்துக் கால்வாய். மூன்று இடங்களில் அதன் மேல் வேலி வந்துவிட்டது, ஓரிடத்தில் மாந்தோப்பே நிற்கிறது. அந்தத் தோப்பு வேட்பாளரின் பங்காளியுடையது என்பது ஊரறிந்த செய்தி. “கால்வாயை அளந்து கல் நடுவீர்களா?” என்று கேட்டதற்கு, “எல்லாரையும் அனுசரிச்சுத்தான் போகணும்” என்றார். அந்த அனுசரிப்புக்குள்தான் ஏரி வற்றிக் கிடக்கிறது.

ஏரி நிரம்பினால் கிணறுகள் ஊறும், புழங்குநீர்ப் பஞ்சம் தீரும், ஆடு மாடு பிழைக்கும், இதில் ஐயமில்லை. குடிநீரில் ஃபுளூரைடு குறையுமா என்றால், ஏரியை ஒட்டிய ஆழமில்லாத கிணற்றில் குறையலாம், ஆயிரம் அடிப் போரில் குறையும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

இவருடைய துண்டறிக்கையில் எனக்குப் பிடித்தது கடைசியில் ஒரே வரியாக வரும் ‘மழைநீர் சேகரிப்பு’. அவரே அதைப் பெரிதாக நினைக்கவில்லை போலும். தருமபுரியில் ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. 30 சதுர மீட்டர் மாடியில், அதாவது ஒரு தொகுப்பு வீட்டின் அளவில், விழுவது 24,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 19,000 லிட்டர் கிடைக்கும். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 20 லிட்டர் என்றால் ஆண்டுக்கு 7,300 லிட்டர்தான். மழை குறைந்த ஜனவரி முதல் ஏப்ரல் வரைக்கும் வேண்டியது 2,400 லிட்டர். 3,000 லிட்டர் மூடிய தொட்டி ஒன்று போதும். இந்த நீரில் பாறையின் ஃபுளூரைடு சேர வாய்ப்பே இல்லை. 2003-இல் தமிழ்நாடு முழுவதும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது வீட்டுக்கு வீடு குழி தோண்டி மண்ணுக்குள் விட்டோம். தொட்டியில் பிடித்துக் குடிப்பதை இங்கே பழக்கமாக்கவில்லை. முதல் மழையை வெளியே விட்டு, மாடியைச் சுத்தமாக வைத்து, தொட்டிக்குக் கொசுவலை போட வேண்டும். கவனிப்பு முழுவதும் வீட்டாருடையது. மேட்டுக் கொட்டாய்க்கு வேறெந்தத் திட்டமும் இவ்வளவு நேராகப் போய்ச் சேராது.

4. ஒகேனக்கல் நீரைச் சீராகப் பங்கிடுதல்

ஒகேனக்கல் குடிநீர் மற்றும் ஃபுளூரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம், ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு ஏறத்தாழ 1,928 கோடி ரூபாயில் கட்டப்பட்டு, 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. காவிரி நீரைச் சுத்திகரித்து ஏற்றி, இரு மாவட்டங்களின் ஊர்கள்தோறும் உள்ள தரைமட்டத் தொட்டி வரை கொண்டுவருவது குடிநீர் வடிகால் வாரியத்தின் வேலை. அந்தத் தொட்டியிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றித் தெருவுக்குத் திறந்துவிடுவது ஊராட்சியின் வேலை. பெறும் நீருக்கு ஊராட்சி வாரியத்துக்குக் கட்டணமும் செலுத்த வேண்டும்.

ஊருக்குள் நடக்கும் கோளாறுகளில் பெரியது கலப்பு. ஆற்றுத் தண்ணீர் போதாத நாளில் போர்த் தண்ணீரையும் அதே மேல்நிலைத் தொட்டிக்குள் ஏற்றிவிடுகிறார்கள். போர் நீரில் 3 மில்லிகிராம் ஃபுளூரைடு, ஆற்று நீரில் 0.4 என்று வைத்துக்கொண்டு சரிபாதியாகக் கலந்தால் 1.7 ஆகிறது, வரம்பைத் தாண்டிவிட்டது. ஃபுளூரைடுக்கென்றே கட்டிய திட்டத்தின் பயன் ஒரு வால்வைத் திருகுவதில் போய்விடுகிறது, குடிப்பவரோ ஒகேனக்கல் தண்ணீர் குடிப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். அடுத்தது, குழாயோடு மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சுவது. தண்ணீர் விடும் நாளில் எங்கள் தெரு முனையில் ஆறு மோட்டார்கள் ஒரே சமயத்தில் முனகுவது கேட்கும். காலனிக் குழாயில் அப்போது காற்றுத்தான் வரும். அங்கே ஒரு சிறுமி குழாய் வாயில் காதை வைத்து, தண்ணீர் வரும் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துவிட்டுக் குடங்களை வரிசை மாற்றாமல் காத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

நான்காமவரின் திட்டம் மூன்று பகுதிகள் கொண்டது. போர் நீருக்குத் தனித் தொட்டியும் தெருக்குழாயும், ஒகேனக்கல் நீருக்கு வேறு தொட்டியும் வீட்டுக்குழாயும் என்று பிரிப்பது. பகுதிவாரியாகக் கேட் வால்வு வைத்து மேட்டுக்கும் காலனிக்கும் முதலில் திறப்பது. மோட்டார் பொருத்திய இணைப்பைத் துண்டித்து, கட்டணத்தை வீடு தவறாமல் வாங்குவது. “கட்டணம் வாங்குவேன்னு சொல்லி ஓட்டு கேக்கறீங்களே அக்கா” என்று ஒருவர் சிரித்தபோது, “கேன் தண்ணிக்கு மாசம் எவ்ளோ குடுக்கறீங்கண்ணா?” என்று மட்டும் கேட்டுவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டார்.

அதிகாரம், தொடர்செலவு, ஃபுளூரைடு ஆகிய மூன்றிலும் இது முன்னே நிற்கிறது. ஆனால் இதன் மறைமுகச் செலவு சண்டை. மோட்டாரைக் கழற்றச் சொன்னால் முதலில் எதிர்ப்பது வாக்களித்த சொந்தக்காரராகவே இருக்கும். வாரியத்திலிருந்து வரும் அளவே குறைந்தால் இவர் செய்யக்கூடியதும் கொஞ்சமே. வீடுதோறும் குழாய் நீர் தரும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டக் கணக்கில் ஆளுக்கு நாளுக்கு 55 லிட்டர். 3,000 பேர் உள்ள ஊராட்சிக்கு 1,65,000 லிட்டர். அந்த அளவு தரைமட்டத் தொட்டிக்கு வந்து சேர்கிறதா என்று மீட்டரைப் பார்த்துச் சொல்ல முடியாத ஊரில் பங்கீட்டைப் பற்றிப் பேசுவது அரைகுறைப் பேச்சாகிவிடும். அவரிடமும் அந்த எண் இப்போது இல்லை, கேட்டேன்.

| நிலைப்பாடு | ஊராட்சியின் கையில் உள்ளதா? | தொடர்செலவு | ஃபுளூரைடு |
|---|---|---|---|
| புதிய போர், கட்டண ரத்து | ஆம் | மிக அதிகம். வரவு இல்லை | கூடும் வாய்ப்பு |
| ஆர்ஓ நிலையம் | ஆம் | விற்பனையைப் பொறுத்தது | நீங்கும் |
| ஏரி தூர்வாரல் | குட்டை, ஊருணி மட்டும் | குறைவு | உறுதியில்லை |
| வீட்டு மழைநீர்த் தொட்டி | ஊக்குவிக்கலாம் | வீட்டாரின் கவனிப்பு | இல்லை |
| ஒகேனக்கல் பங்கீடு | ஊருக்குள் மட்டும் | கட்டணத்தால் ஈடாகும் | கலக்காவிட்டால் குறைவு |

எந்த ஊருக்கு எவர்?

ஒகேனக்கல் நீர் தொட்டி வரை ஒழுங்காக வருகிறது, தெருவுக்குத் தெரு மட்டும் வேறுபாடு என்றால் நான்காமவரைப் போன்றவரே பொருத்தம். எங்கள் ஊர் இந்த வகை. நீர் வரத்தே தாறுமாறாக இருக்கும், வீடுகள் நெருக்கமான ஊர் என்றால், நாணயக் கணக்கை வெளிப்படையாக வைப்பேன் என்று எழுதித் தரும் ஆர்ஓ வேட்பாளரை யோசிக்கலாம். காவேரிப்பட்டணம் பக்கம் போல மாந்தோப்பும் கிணறும் நிறைந்து, ஏரியின் வரத்துக் கால்வாயும் பெரிதும் தப்பிப் பிழைத்திருக்கும் ஊருக்கு ஏரிக்காரர் வீண்போக மாட்டார். போர்க்காரருக்குப் போடுவதற்கான சூழல், நான் மேலே சொன்ன மலையடிவாரக் குக்கிராமம் ஒன்றுதான். கோயிலுக்கு இவ்வளவு தருகிறேன், என்னைப் போட்டியின்றி விடுங்கள் என்று ஏலம் பேசுகிறவர் இந்த ஒப்பீட்டுக்குள்ளேயே வரமாட்டார். அவர் கேட்பது வாக்கை அன்று, வாக்குரிமையை.

இடஒதுக்கீட்டுச் சுழற்சி மாறினால் இந்த நால்வரில் சிலர் நிற்கவே முடியாமல் போகலாம். வேறு பெயர்கள் வரும், துண்டறிக்கை வாசகம் அதேதான் வரும். அதனால் வேட்பாளர் யார் என்பது முடிவாகும்வரை காத்திராமல் இப்போதே திரட்டி வைக்கக்கூடியவை மூன்று: ஊரின் ஒவ்வொரு போர் நீருக்கும் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் எடுத்த ஃபுளூரைடு அளவு, ஊராட்சி கட்டும் மாத மின்கட்டணம், தரைமட்டத் தொட்டிக்கு நாளொன்றுக்கு வந்து சேரும் நீரின் அளவு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராமசபைகள் நடக்கின்றன. தலைவர் இல்லாத காலத்திலும் அங்கே ஊராட்சிச் செயலரிடம் வரவுசெலவு கேட்கலாம். சென்ற கூட்டத்தில் நாங்கள் மின்கட்டணத்தை மட்டும் கேட்டு வாங்கினோம். மீட்டர் பழுது என்று நீர் அளவு தரப்படவில்லை. அடுத்த கூட்டத்துக்குள் மீட்டரை மாற்றித் தருவதாகத் தீர்மானப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள்.